வெள்ளை மட்டும் தின்ற ராசா

ஏழு மேகத்துக்குக் கீழே ஒரு மலை, மலைக்கு மேலே ஒரு ஊர், அந்த ஊரிலே ஒரு ராசா இருந்தான். பேர் வெண்குடையான். ஒரு தரம்தான் சொல்வது, காதைத் தீட்டிக்கொள்.

அந்த வம்சம் நிலாவிலிருந்து இறங்கியது என்று ஊரில் பேச்சு. அதனால் ராசா வெள்ளைதான் தின்பான். தவிடு போகத் தீட்டித் தீட்டி மல்லிகை மொட்டு மாதிரி ஆக்கிய அரிசிச் சோறு, பால், வெண்ணெய், தேங்காய்ப்பால் பாயசம். கீரை பச்சை, ஆகாது. கேழ்வரகு கறுப்பு, ஆகாது. கத்தரிக்காய் ஊதா, ஆகவே ஆகாது. கால் மண்ணில் படக்கூடாது, எங்கே போனாலும் பல்லக்கு, ஊர்வலம் என்றால் யானை. காலையில் கொலுவில் உட்கார்ந்தால் கடைசி ஆள் குறை சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்கக்கூடாது. எழுந்திருக்கக்கூடாதே என்று தண்ணீரும் குடிக்கமாட்டான். வந்தாலும் அடக்கிக்கொள்வான். எது வந்தால் என்றா கேட்கிறாய்? மலம்தான். சிரித்து முடி, அப்புறம் மேலே போகலாம்.

அரண்மனையில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். ‘ராசா பூந்தோட்டம் போகிறார்’ என்பார்கள். போன காரியம் முடிந்ததா இல்லையா என்று கேட்டவன் நாக்கு அவனிடம் இருக்காது.

அந்த ஊரிலே யானை மேய்க்கிறவள் ஒச்சம்மா. அப்பன் விட்டுப்போன வேலை. விடிந்ததும் யானையை ஓடைக்கு ஓட்டிப் போவாள். மஞ்சு இறங்கி மலை தெரியாது, ஊர் தெரியாது, யானைகூடத் தெரியாது, அதன் இரண்டு காது மட்டும் வெள்ளைக்குள்ளே மெதுவாக அசையும். ஒச்சம்மா அதன் கழுத்திலே அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து, மேகத்தை யாரோ துடுப்புப் போட்டுத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போவாள். ஓடை வந்ததும் இறங்குவாள். இறங்கினதும் முதல் வேலை, யானை போட்ட பிண்டத்தைக் குச்சியால் உடைத்துப் பார்ப்பது. அதைப் பார்த்தால் யானையின் சங்கதி முழுக்கத் தெரிந்துவிடும். மூஞ்சியைச் சுளிக்காதே, அவள் சோறு அதில்தான்.

ஆடி மாசம் ஊர்வலம் வந்தது. ராசா யானை மேல் அம்பாரியில் இருந்தான், ஒச்சம்மா அதன் கழுத்திலே. நல்ல வெயில். ராசா ஆடினான், சாய்ந்தான், உதடு வெடித்துப்போய்க் குனிந்தான்.

“ஒச்சம்மா, நாக்கு மேலே ஒட்டுதும்மா.”

அவள் இடுப்பிலிருந்த சுரைக்குடுக்கையை நீட்டினாள். ராசா மூன்று மடக்குக் குடித்தான். கீழே நடந்துவந்த அரண்மனை வைத்தியர் மதிநாதர் அதைப் பார்த்துவிட்டார்.

அப்புறம் மூன்றாம் நாள் ராசாவுக்கு ஒழுக ஆரம்பித்தது. வயிறு உப்பியிருக்கிறது, கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராய்ப் போகிறது. உட்கார்ந்தால் போகிறது, எழுந்தால் போகிறது, தும்மினால் போகிறது. பட்டு பட்டாகப் பாழ்.

மதிநாதர் வந்தார். ராசாவைத் தொட்டுப் பார்க்க வைத்தியருக்கும் உரிமை கிடையாது. ராசா மணிக்கட்டிலே ஒரு பட்டு நூலைக் கட்டி, திரைக்கு இந்தப் பக்கம் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். மூடினார். திறந்தார். “பேதி” என்றார்.

முதல் நாள் மாதுளை ஓடு கொடுத்தார், கட்டுவதற்கு. இன்னும் ஒழுகியது. இரண்டாம் நாள் ஜாதிக்காய் கொடுத்தார், கட்டுவதற்கு. இன்னும் ஒழுகியது. மூன்றாம் நாள் மாசிக்காய் கொடுத்தார், இறுக்கிக் கட்டுவதற்கு. வயிறு முரசு மாதிரி ஆகி, ராசா பால்கூட வேண்டாம் என்று சுருண்டு படுத்துவிட்டான். ஒரு ஆறு நடு வழியிலே நின்றுபோய்க் கரையெல்லாம் வீங்குவது போலக் கனவு கண்டு முனகினான்.

மதிநாதருக்கு உள்ளூரப் பயம். ராசா போனால் தன் தலையும் போகும். தன் மருந்து தப்பு என்று சொல்ல வாய் வருமா? வராது. “யானைப்பாகச்சி கொடுத்த தண்ணீரிலே விஷம்” என்று சொல்லிவிட்டார்.

தீர்ப்பு ஆனது. ஒச்சம்மாவை யானைக் காலாலே மிதிக்க வைப்பது.

விடிகாலை, மஞ்சு விலகாத மைதானம். ராசாவைப் பல்லக்கிலே படுத்தபடி தூக்கிவந்து வைத்தார்கள். ஊரே வெள்ளையாக, நிழல் நிழலாக நின்றது. ஒச்சம்மாவைத் தரையில் கிடத்தினார்கள். மதிநாதர் யானையைப் பார்த்து “மிதி!” என்றார். யானை காதை ஆட்டியது. “மிதி, மிதி!” என்றார். யானை அவர் அங்கவஸ்திரத்தை மோந்து பார்த்தது. அது ஒச்சம்மா சொன்னால் ஒழிய ஒரு காலை நகர்த்தாது.

“ஏ பாகச்சி, நீயே சொல்லு” என்றார் மதிநாதர்.

“என்னை மிதிக்க நானே சொல்லணுமா? நல்லா இருக்கே வைத்தியரே உங்க நியாயம்!” என்றாள் ஒச்சம்மா. “சரி, சொல்றேன். சாகப்போறவ ராசாவை ஒரு கேள்வி கேட்கலாம், ராசா உள்ளதைச் சொல்லியாகணும். இந்த ஊர் வழக்கம் அதுதானே?”

பல்லக்குக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல். “கேளும்மா.”

“ராசா, உங்களுக்குக் கெட்டியாப் போய் எத்தனை நாளாச்சு?”

மதிநாதர் காதைப் பொத்திக்கொண்டார். “அபசாரம்! அபசாரம்! அந்தச் சொல்லை…”

“நீரு சும்மா இருமய்யா, உம்மை யார் கேட்டா?” என்றாள் ஒச்சம்மா.

ராசா விரல் விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை, இரண்டு கையும் போதவில்லை. “இன்னிக்கு இருபத்திரண்டாம் நாள், ஒச்சம்மா. இதுவரை என்னை யாருமே கேட்கலை.” சொல்லிவிட்டு அழுதான்.

ஒச்சம்மா எழுந்து உட்கார்ந்தாள். “தண்ணீர் கெட்டுப்போயிருந்தா வயிறு முறுக்கும், குமட்டும், காய்ச்சல் அடிக்கும். குடிச்ச அத்தனை பேருக்கும் போகும். அதே குடுக்கையிலே நானும் குடிச்சேன், அதே ஓடையிலே யானையும் குடிச்சுது. எங்களுக்கு ஒண்ணுமில்லையே? கண்டதைத் தின்னு செரிக்காமப் போறது இன்னொரு வகை, புளிச்ச ஏப்பம் வரும், ரெண்டு நாள் கஞ்சியிலே அடங்கும். இது ரெண்டும் இல்லை. உள்ளே மலம் கல்லாக் காய்ஞ்சு அடைச்சுக்கிடக்கு ராசா. அதைச் சுத்திக் கசியுறதுதான் இந்தத் தண்ணி. பார்த்தா பேதி, உள்ளே கட்டு. எங்கப்பன் காலத்திலே இந்த யானைக்கே ஆச்சு, யாரோ புண்ணியத்துக்குன்னு பத்து நாள் சோத்து உருண்டையாவே போட்டாங்க. ஒழுகுறதுன்னு கட்டுற மருந்து கொடுத்தா, அடைச்ச வாய்க்கால்லே இன்னும் ரெண்டு கூடை மண்ணைக் கொட்டின மாதிரி. நம்பலைன்னா வயித்தைத் தொட்டுப் பாருங்க.”

“தொடுவதா!” என்றார் மதிநாதர்.

“தொடட்டும்” என்றான் ராசா.

ஒச்சம்மா கையைக் கழுவிக்கொண்டு பல்லக்குக்குள்ளே கையை விட்டாள். அடிவயிற்றில் இடப்பக்கம் விரல் நின்றது. விளாங்காய், விளாங்காயாக, வரிசையாக. “இந்தாங்க, நீங்களே தொட்டுப் பாருங்க” என்று ராசா கையைப் பிடித்து அங்கே வைத்தாள். ராசா தன் வயிற்றை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தான்.

அப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இளஞ்சூட்டு வெந்நீர், விளக்கெண்ணெய், ஒரு மூங்கில் குழல். முதலில் யானைக்கு வைத்திருந்த குழலைக் கொண்டுவந்தார்கள், அதைப் பார்த்தே ராசாவுக்குப் பாதி இளகிவிட்டது. அப்புறம் சின்னதாக ஒன்று. உச்சிப்பொழுதுக்கு முதல் கல் விழுந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் விழுந்தது. ராசா அப்படியே தூங்கினான். கனவிலே ஆறு கரையை விட்டு மெல்ல இறங்கி, தாமரையெல்லாம் தானாகத் தள்ளாடிக்கொண்டு கடலுக்குப் போயிற்று என்று மறுநாள் சொன்னான்.

நாலாம் நாள் ராசா தவிட்டரிசிக் கஞ்சியும் முருங்கைக்கீரையும் தின்றுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, தன் காலாலே மைதானத்துக்கு நடந்துவந்தான். மண் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பாதி வழியில் நின்று நின்று பார்த்துக்கொண்டான். ஊரைக் கூட்டினான். மதிநாதரைக் கூப்பிட்டான்.

“வைத்தியரே, தண்ணீரிலே விஷம் என்று சொன்னீரே. யானைக் கால் இன்னும் சும்மாத்தான் நிற்கிறது” என்றான்.

அவ்வளவுதான். மதிநாதர் முகம் வெளுத்தது, வயிறு கடகடவென்றது. அங்கவஸ்திரத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டு புதருக்கு ஓடினார். திரும்பி வந்தார். யானையைப் பார்த்தார். மறுபடி ஓடினார். திரும்பி வந்தார். ராசாவைப் பார்த்தார். மறுபடியும் ஓடினார். ஊர் சிரித்த சிரிப்பிலே மஞ்சே கலைந்துபோயிற்று.

“ஒச்சம்மா, இது என்ன வகை?” என்றான் ராசா.

“இது பயத்திலே போறது ராசா. இதுக்கு மாதுளை ஓடும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நின்னுடும்.”

ராசா யோசித்தான். புதரைப் பார்த்தான். “இன்னும் ஒரு தரம் ஓடட்டும், அப்புறம் சொல்கிறேன்” என்றான். ஓடினார். சொன்னான். நின்றது.

வைத்தியர் புதரிலிருந்து வந்து, எல்லாரும் பார்க்க ஒச்சம்மாவைக் கும்பிட்டு, “தாயே, தப்பு என்னுது” என்றார். பட்டு நூலைத் தன் கையாலேயே அறுத்தார். அன்றுமுதல் யார் வந்தாலும் முதலில் வெட்கப்படாமல் கேட்பார்: போச்சா, எப்படிப் போச்சு, எத்தனை நாளாச்சு.

வந்தால் அடக்காதே. தண்ணீர் குடி. கேட்டால் உள்ளதைச் சொல். ராசா தன் காலாலே மலை இறங்கிப் போனான், யானை ஓடைக்குப் போனது, கதை மஞ்சுக்குள்ளே போனது. கண்ணை மூடு.