நாற்பது பேருக்கு ஒரே கையெழுத்து

அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் ஞானப்பிரகாசம் வந்தால் கோப்புகூட எழுந்து நிற்கும். புது மென்பொருள் வாங்கியே தீருவதென்று அவர் முடிவு கட்டியிருந்தார். துணைவேந்தரம்மாவோ, "பயன்படுத்தப்போறவங்க சம்மதிச்சாத்தான்" என்று கொள்முதல் குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

பதிவாளர் உடனே வெளியே வந்து தற்காலிகக் கணினி ஆபரேட்டர் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"நாற்பது துறைத் தலைவர்களும் சம்மதம்னு கையெழுத்து வாங்கிட்டு வா. அரைமணி நேரம்தான். இல்லைன்னா நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

ஐந்தே நிமிடத்தில் பூங்கோதை கூட்டம் நடந்த அறைக்கே திரும்பி வந்தாள். தாளில் ஒரே கையெழுத்து, அதுவும் அவளுடையது. மேலே 'சம்மதமில்லை' என்றிருந்தது.

"என்ன, விளையாடுறியா?"

"இல்லை சார். நாற்பது பேர் பாஸ்வேர்டும் என் நோட்டுலதான் இருக்கு. லீவு கொடுக்கறது, சாமான் கேக்கறது எல்லாமே அவங்க பேர்ல நான்தான் செய்யறேன். பயன்படுத்தறது நான் ஒருத்திதானே? என்னையே கேட்டுப் பார்த்தேன். புதுசை மூணு மாசம் ஓட்டிப் பாக்காம சம்மதம் தரமாட்டேன்னுட்டேன்."

குழுவிலிருந்த துறைத் தலைவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அந்த நோட்டுல பதிவாளரோடதும் இருக்கா?" என்றார் துணைவேந்தர்.

"முதல் பக்கம், மேடம்."

துணைவேந்தர் சிரித்தபடி குழுவில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். பூங்கோதை அதில் உட்கார்ந்ததும் முதல் தீர்மானம் நிறைவேறியது: இனி அவரவர் கணினி வேலையை அவரவரே செய்ய வேண்டும்.

மறுநாள் காலை அவள் மேசைமுன் நீண்ட வரிசை. முதல் ஆளாகப் பதிவாளர் நின்றார்.

"பூங்கோதை மேடம், இதை எங்க அமுக்கினா திறக்கும்?"