சுடாத பானைக்கு வைத்த முத்திரை

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றூரைச் செங்கோடன் என்றொரு அரசன் ஆண்டான். காலையில் தோளில் தூக்கிக் கொண்டாடியவனை மாலையில் ஊரைவிட்டுத் துரத்துவான். அப்படியொரு குணம்.

மந்திரி பொறையனார் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒற்றை ஆளாய்க் கைத்தொழில் செய்பவரும் அரண்மனையில் பதிந்து வரி கட்டவேண்டும். மழையிலோ தீயிலோ சரக்கு அழிந்தால் அரண்மனை ஈடு தரும். மந்திரிக்குப் பேர் கிடைத்ததில் வரித்தலைவர் மங்கலநாதருக்கு வயிறு எரிந்தது. தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்: "ஈடு கேட்பவர் அழிந்த பொருளைக் கொண்டுவந்து காட்டவேண்டும். பொய் என்றால் தொழிற்கருவி பறிமுதல்!"

குயவர் தெரு ஆவுடையாள் நாற்பது பானை வனைந்து, சூளையில் வைக்குமுன் காயவைத்திருந்தாள். மங்கலநாதர் வந்து ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு முத்திரை வைத்து வரி வாங்கிப் போனார். மறுநாள் ஐப்பசி மழையில் கூரை பிய்ந்தது. முப்பத்தொன்பது பானை கரைந்து சேறாயின. கூடைச் சேற்றையும் மிஞ்சிய ஒரு பானையையும் தூக்கிக்கொண்டு அவள் சபைக்கு ஓடினாள்.

"சேற்றைக் காட்டி ஈடு கேட்கிறாள், பொய்க்காரி!" என்றார் மங்கலநாதர். அவளுடைய சக்கரத்தை அதற்குள் சபைக்கே தூக்கிவரச் செய்திருந்தார்.

அரசன் கண் சிவந்தான். "நேரம் காட்டும் அந்த நாழிகை வட்டிலில் நீர் நிரம்புவதற்குள் இந்தச் சேறு பானையாக இருந்தது என்று காட்டு. இல்லையேல் சக்கரம் விறகுக்கு!"

ஆவுடையாள் ஓடிப்போய்ச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சக்கரம் போனால் வீட்டில் உலை ஏறாது.

பொறையனார் அருகே வந்து கிசுகிசுத்தார். "அம்மா, சுடாத பானையில் தண்ணீர் ஊற்றினால்?"

"கரைஞ்சிடும் சாமி. ஆனா இது அடியில இன்னும் காயலையோன்னு பயமா இருக்கு. ஈரம் இருந்தா லேசுல கரையாது."

மந்திரிக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் பானையை எடுத்து நீட்டினார். "மங்கலநாதரே, இது பானையா, மண்ணா?"

"என் முத்திரை தெரியவில்லையா? பானைதான்!" மண்ணைத் தொட்டறியாத அவருக்கு, வனைந்தால் பானை முடிந்தது என்று நினைப்பு.

"அப்படியானால் அரசருக்குத் தண்ணீர் ஏந்தி நில்லும்."

சேவகர்கள் பானையில் தண்ணீர் நிறைத்து அவர் கையில் கொடுத்தார்கள். வட்டில் பாதி நிரம்பியது. பானை அசையவில்லை. முக்கால் நிரம்பியது. ஆவுடையாள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி.

பொத்தென்று அடி கழன்றது.

"ஐயோ, என் பட்டு! ஒரே சேறு!" என்று அலறினார் மங்கலநாதர்.

"சேறா? பானை என்றீரே, அது எங்கே?" என்றார் மந்திரி.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். "பட்டுக்கு ஈடு வேண்டுமானால், உம் விதிப்படி அந்தப் பானையைக் கொண்டுவந்து காட்டும்! அதுவரை குயவர் தெருவில் மண் மிதித்துக்கொண்டிரும்." மந்திரிக்கு முத்துமாலை போட்டான். "இவளுக்கு முப்பத்தொன்பது பானைக்கும் ஈடு கொடுங்கள்."

சக்கரத்தைக் கட்டிப்பிடித்திருந்த ஆவுடையாள் தலையை நிமிர்த்தினாள். "மகாராசா, நாப்பதுங்க."

"நாற்பதாவது மழையில் கரையவில்லையே?"

"இல்லைங்க. அதைக் கரைச்சது அரண்மனைத் தண்ணி."

அரசன் நாற்பதுக்கும் கொடுத்தான்.