லிஃப்டுக்காக எழுதிய கடிதம்

டைப்பிஸ்ட் ரெஜினாவுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய். ஒருநாள் நடப்பாள், மறுநாள் கால் மரத்துவிடும். மாற்றுத்திறனாளி சலுகைக்குப் பரிந்துரை கேட்டதும் மேலாளர் தணிகாசலம் எகிறினார்.

"நேத்து நல்லாத்தானே நடந்தே? இனி லீவு போட்டா வேலையே கிடையாது!"

அன்று மதியமே மூன்றாம் மாடி அலுவலகத்துக்கு ஏறும்போது லிஃப்ட் நடுவில் நின்று, அரைமணி நேரம் உள்ளே வெந்தார் மனிதர். வெளியே வந்ததும் புகார்க் கடிதம் சொல்ல, ரெஜினா தட்டினாள்: "ஒருநாள் இயங்குவதால் கோளாறு இல்லை என்று எண்ண வேண்டாம். எந்நேரமும் நின்றுவிடலாம். உடனே ஆவன செய்யவும்."

கையெழுத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்தன.

"ரெண்டாவது என்ன?"

"அதேதான் சார். லிஃப்டுக்குப் பதிலா என் பேரு. பொய்யான வரி இருந்தா அடிச்சிடுங்க. ஆனா ரெண்டுலயும் அடிக்கணும்."

மூன்று மாடியையும் படியேறுவதை நினைத்துப் பார்த்த தணிகாசலம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.