மணி ஒன்று, கட்டம் பன்னிரண்டு

“சந்தோஷப்படறதா பயப்படறதான்னே தெரியலீங்க அம்மிணி” என்றார் தில்லைநாயகம்.

ஜெனோவா அவருடைய நனைந்த குடையை வாங்கி மூலையில் விரித்து வைத்தாள். வெளியே ஆடிச் சாரல் பொசபொசவென்று விழுந்துகொண்டிருந்தது.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்துநாலு. என்ன செய்வது, விஷயம் தெரிந்தவர்கள் எந்த வயதில் கிடைக்கிறார்களோ அந்த வயதில்தான் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தில்லைநாயகம் கோயம்புத்தூரில் ஒரு பணப் பரிமாற்றக் கம்பெனியில் மென்பொருள் பிரிவுக்குத் தலைவர். அவருக்குக் கீழே எண்பது பேர். ஜெனோவா ஒரு காலத்தில் அந்த எண்பதில் ஒருத்தி. மற்றவர்கள் கட்டியதையெல்லாம் உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. நாலு வருஷம் ஆசைதீர உடைத்துவிட்டு, குற்றாலத்துக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்புறம் எந்தக் கம்பெனிப் பெரிய மனுஷனுக்குக் குழப்பம் வந்தாலும் ரயிலேறி இங்கே வருவது வழக்கமாகிவிட்டது. வாத்தியாரம்மா என்று பேர்கூட வைத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“நம்மகிட்ட ஏஐ ஒண்ணு இருக்குதுங்க. கடைக்காரங்களுக்கு வர்ற பணத்தைப் பூராவும் அது கவனிக்கும். எங்கியாச்சும் மோசடி மாதிரித் தெரிஞ்சா, அந்தக் கடைப் பணத்தை நிறுத்தச் சொல்லும்.”

“சொல்லும். நிறுத்தாதா?”

“நிறுத்தறது மனுஷங்கதானுங்க. ஆறு பேரைப் போட்டிருக்கேன். அது சொன்னதை அவங்க பார்த்து, சரின்னா பச்சைப் பொத்தானை அமுக்குவாங்க. தப்புன்னா கடைக்காரரை விட்டுருவோம். பொறுப்பாச் செய்யோணுமில்லீங்க?”

“நல்ல காரியம்.”

“ஆறு மாசமாச்சு. பதினோராயிரம் தடவை நிறுத்தச் சொல்லியிருக்குது. ஆறு பேர்ல ஒருத்தரும் ஒரு தடவைகூட அது தப்புன்னு சொல்லலை.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

“ஒரு தடவைகூட?”

“ஒண்ணே ஒண்ணுகூட இல்லீங்க. அதனால மேலிடத்துல சொல்லிட்டாங்க. அப்புறம் ஆறு பேரு எதுக்கு, இனி அதுவே நிறுத்தட்டும்னு. திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடோணும். போட்டா, இப்ப நாப்பதாயிரம் கடையில ஓடறது ஒம்போது லட்சம் கடைக்குப் போயிரும்.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். கீழே அவர் பெயர் அச்சாகியிருந்தது. பெயருக்கு மேலே இடம் காலியாக இருந்தது.

“போட வேண்டியதுதானே?”

“கை வரமாட்டேங்குது. தப்பா நிறுத்திப்போட்டா ஒரு கடைக்காரர் வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியாதுங்க. ஆனா தப்பு நடந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை. ஏஐன்னா நமக்குத்தான் வயசுக் கோளாறுல பயமோன்னு தோணுது.”

“அந்த ஆறு பேரும் எப்படி? வாய் திறக்கப் பயப்படுதவங்களா?”

“அட, அதெல்லாம் இல்லீங்க. பவளக்கொடின்னு ஒரு பொண்ணு இருக்குது, என்னையவே நாலு பேரு முன்னால வெச்சுக் கேள்வி கேக்கும். அதே சமயம் ஒழுங்கும் இருக்குது. ஏஐ சொன்னது தப்புன்னு வாய்க்கு வந்தபடி சொல்லிறக் கூடாதில்லீங்களா? அதுக்குன்னு நானே உக்காந்து ஒரு படிவம் போட்டுக் குடுத்திருக்கேன்.”

ஜெனோவா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

“அண்ணாச்சி, அருவியில தண்ணி நல்லா விழுது. குளிச்சிட்டு வாங்க.”

“பதிலுங்க?”

“பதில் எங்கேயும் போகாது. முதல்ல குளிங்க.”

குரு சொன்னால் கேட்க வேண்டியதுதான். போனார். அருவி மண்டையில் நங்கு நங்கென்று விழுந்தது. பல் கிடுகிடுக்கத் திரும்பி வந்தபோது மேசை மேல் ஒரு மணி இருந்தது, உள்ளங்கையால் தட்டினால் டிங் என்கிற சாதி. பக்கத்தில் ஒரு கட்டுத் தாள். தொட்டுப் பார்த்தார். பிரிண்டர் சூடு இன்னும் ஆறவில்லை.

“இது என்னங்க?”

“இந்த வீட்டு ஒழுங்கு. எது சாப்பிட்டாலும் கருத்துச் சொல்லணும். நல்லா இருந்துச்சுன்னா மணியில ஒரு தட்டு. நல்லா இல்லைன்னா படிவம். வாயால சொல்லக் கூடாது. அதுதான் எனக்குத் தட்சிணை.”

“அவ்வளவுதானுங்களா?”

தட்சிணை மலிவாக முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

காபி வந்தது. ஆவி பறந்தது. குளிருக்கு இதமாக ஒரு வாய் இழுத்தார்.

உப்பு. கொஞ்சநஞ்சமில்லை, கடல் தண்ணீர் தோற்றது.

ஜெனோவாவைப் பார்த்தார். அவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். சரி, ஒழுங்கென்றால் ஒழுங்கு என்று ஒரு படிவத்தை எடுத்தார். மொத்தம் பன்னிரண்டு கட்டம். பெயர். நேரம். சாப்பிட்ட பொருள். மூன்றையும் மளமளவென்று நிரப்பினார்.

நாலாவது கட்டம் இப்படி இருந்தது: ‘உப்பு, புளி, காரம், இனிப்பு இவற்றில் எது, எத்தனை சதவீதம் மாறியுள்ளது?’

ஆறாவது: ‘இதே பொருளைச் சாப்பிட்ட வேறு இருவரின் கையெழுத்து.’

ஒன்பதாவது: ‘உங்கள் நாக்கு இதற்கு முன் தவறியது உண்டா? விவரிக்கவும்.’

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டித் தாள் நனைந்தது. வயிறு வேறு கூப்பாடு போட்டது. ஒரு தம்ளர் காபிக்கு யார் உட்கார்ந்து சதவீதம் போடுவது? தாளைக் கவிழ்த்து வைத்தார்.

டிங்.

“சந்தோஷம்” என்றாள் ஜெனோவா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மதியம் ரசம். ரசத்தில் சர்க்கரை. இந்த முறை அவர் படிவத்தை எடுக்கவில்லை, ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

டிங்.

“அம்மிணி, நான் கேட்டதுக்குப் பதிலுங்க?”

“சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுங்க அண்ணாச்சி. சாரலுக்கு நல்லா வரும்.”

நன்றாகத்தான் வந்தது.

நாலு மணிக்கு வடை. தட்டு மேசைக்கு வந்ததும் அவர் கை தானாக மணிக்குப் போனது.

டிங்.

அதற்குப் பிறகுதான் கடித்தார். வடைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் அப்புறம் வடையே தொட மாட்டீர்கள், விடுங்கள்.

அடுக்களையிலிருந்து ஒரு பெரிய உருவம் தோளில் துண்டோடு வெளியே வந்தது. சமையல் மாஸ்டர் இசக்கியப்பன். முகமெல்லாம் பல்.

“ஐயா, மூணு தடவையும் மணி கேட்டுச்சு. இந்தப் பக்குவம் எல்லாம் புதுசு, எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்ப தெம்பு வந்துட்டு. நாளைக்குத் தென்காசியில ஒரு கல்யாணம். எண்ணூறு இலை. காபியிலேர்ந்து வடை வரைக்கும் இதே பக்குவம்தான். போய்ச் சாமான் எடுத்து வைக்கேன்.”

கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

தில்லைநாயகம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நில்லுங்க, நில்லுங்க. காபியில உப்புங்க. ரசம் பாயசமாட்டம் இருந்துச்சு. வடையைப் பத்திப் பேசவே வேண்டாம். எண்ணூறு பேருங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மானம் போயிருமுங்க.”

வாயால் சொல்லக் கூடாது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

இசக்கியப்பன் ஒரு கால் செருப்போடு நின்றார்.

“அப்புறம் எதுக்கு ஐயா மணி அடிச்சிய?”

தில்லைநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண், கவிழ்த்து வைத்த படிவத்தின் மேல் போனது. அதைத் திருப்பி, பன்னிரண்டு கட்டத்தையும் விரலால் எண்ணினார்.

ஜெனோவா பேப்பரை மடித்து வைத்தாள்.

தில்லைநாயகம் சட்டைப் பையைத் தடவிப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“பவளக்கொடி, நான்தான்மா. ஏஐ சொன்னது தப்புன்னா நிரப்பறதுக்கு ஒரு படிவம் குடுத்தனே, அதுல எத்தனை கட்டம்?”

“பதினேழுங்க சார்.”

“நம்மளது பன்னெண்டுதான்” என்றாள் ஜெனோவா, அடக்கமாக.

“நீ அதை எப்பவாச்சும் திறந்திருக்கியா?”

“ஒரே ஒரு தடவைங்க சார். பொள்ளாச்சியில ஒரு பூக்கடை அம்மா. பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாளு. வழக்கமில்லாம இவ்வளவு பணம் வருது, நிறுத்துன்னு ஏஐ சொல்லுச்சு. உத்திரத்துக்குப் பூ விக்காம என்ன விக்கும்? தப்புன்னு சொல்லத்தான் திறந்தேன். நாலாவது கட்டத்துல, ஏஐ கணிப்பு எத்தனை சதவீதம் தவறுன்னு இருந்துச்சு. எனக்கு எப்படிங்க தெரியும்? பின்னால நூத்திமுப்பது கடை வரிசையில நிக்குது. மூடிட்டு...”

“மூடிட்டு?”

“பச்சையை அமுக்கிட்டனுங்க.”

அந்த நாலாவது கட்டத்தைத் தில்லைநாயகம்தான் ஆசை ஆசையாக எழுதியிருந்தார். என்ன அருமையான கேள்வி என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

“அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“மனசு கேக்காம நானே கூப்பிட்டு விசாரிச்சனுங்க. மறுநாள் மார்க்கெட்டுல பூ எடுக்கக் கையில காசில்லாம, உத்திரத்தன்னைக்குக் கடையைச் சாத்திட்டாங்களாம். எங்கிட்டக் கோவிச்சுக்கக்கூட இல்லை. அதுதான் சார் கஷ்டமா இருந்துச்சு.”

தில்லைநாயகம் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“உன் மேல தப்பில்லம்மா. பதினேழு கட்டமும் என்னுது.”

“சார்?”

“இந்த மாதிரி இன்னும் இருக்குதா? படிவம் வேண்டாம். சதவீதம் வேண்டாம். வாயில சொல்லு.”

“எல்லாத்தையுமாங்க சார்?”

“எல்லாத்தையும்.”

பவளக்கொடி ஆரம்பித்தாள். பல்லடத்தில் ஒரு பிரியாணிக் கடை. ஊட்டியில் குடை விற்கிறவர், மழை பெய்த ஒரே குற்றத்துக்காக நிறுத்தப்பட்டவர். நடுவில் வேறொரு குரல் புகுந்தது. “சார், எங்கிட்ட ஒம்போது இருக்குதுங்க.” அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் போனைச் சுற்றி நின்றுகொண்டு, நீ இரு நான் சொல்றேன் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுத ஒன்றும் அகப்படாமல், தில்லைநாயகம் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதினார். அது நிறைந்தது. ஜெனோவா படிவக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள். அதையும் கவிழ்த்து வெள்ளைப் பக்கத்தில் எழுதினார்.

இசக்கியப்பன் புதுக் காபி கொண்டுவந்து வைத்தார். ஜெனோவா மணியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

தில்லைநாயகம் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

“மாஸ்டர், அந்தக் கல்யாணம்?”

“ஆடி மாசத்துல யாரு ஐயா கல்யாணம் வைப்பா? சூடா குடிங்க. எப்படி இருக்கு?”

ஒரு வாய் குடித்தார்.

“இனிப்புப் பத்தலீங்க” என்றார் தில்லைநாயகம், எழுதுகிற கையை நிறுத்தாமல்.