சட்டைப்பையில் இரண்டு குமிழ்கள்

ஆவுடையப்பன் மடத்துக்குள் நுழைந்தபோது அவருடைய இரண்டு கைகளிலும் அட்டைப்பெட்டிகள் இருந்தன. நடக்க நடக்க சட்டைப்பையில் ஏதோ கலகலத்தது.

வாய்க்கால் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு உலகம்மைதான் குரு. சீடரான ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்ப இளையவர். அவர் சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் அவரை அம்மா என்பார். அதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை. அன்று உலகம்மை வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, சீர்வரிசையா?"

"அடுப்பும்மா. ஒண்ணு இண்டக்‌ஷன், ஒண்ணு செராமிக். மச்சினன் கடையிலருந்து எடுத்தாந்தேன். ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுக்கணும். எதை வச்சுக்கிடன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு அடுப்பு வியாபாரம் தெரியாதே."

"பயமா இருக்கும்மா. எதை வாங்குனாலும் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி கோமதிக்குக் கண் நரம்பு கெட்டுப்போயிருந்தது; வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. போன ஆவணியில் கேஸ் அடுப்பில் கோமதியின் முந்தானை பற்றிக்கொண்டது. ஆவுடையப்பன் வெறுங்கையால் அடித்து அணைத்தார். கோமதி தப்பித்தாள், அவர் உள்ளங்கைகள் வெந்துபோயின. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனை தானும் சேரவில்லை, அவளையும் சேரவிடவில்லை. வீட்டுக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வரத் தொடங்கியது.

"மெஸ்ஸு சாப்பாடு எப்படி?" என்று கேட்டார் உலகம்மை.

"மண்ணு மாதிரி. ரசம் மட்டும் இப்ப கொஞ்ச நாளா நல்லாருக்கு. அவ சாப்பிட மாட்டேங்கா. நானே சமைக்கணும், இல்லன்னா தங்கச்சி வீட்டோட போயிருதேங்கா."

"சரி, இண்டக்‌ஷன்ல என்ன பயம்?"

"அதுல தீ கிடையாது. பாத்திரம்தான் சுடும். பாத்திரத்தை எடுத்தா தானே நின்னுரும். ஆனா மண்சட்டியை ஏத்துக்கிடாது. அவ தேங்காய்ப்பால் ஊத்திச் சொதி வைக்க சட்டி அவ அம்மை குடுத்தது. அதைத் தூரப் போடுன்னு எந்த வாயால சொல்ல? புதுப் பாத்திரம் கைக்குப் பழகாம மேல கவுந்துட்டா?"

"செராமிக்ல?"

"எந்தச் சட்டியும் வைக்கலாம். ஆனா அணைச்ச பிறகும் தட்டு சுட்டுக்கிட்டே இருக்கும். சுடுதுன்னு ஒரு சின்ன விளக்கு எரியும். அவ விளக்கை எங்க பாக்க? கையை வச்சுட்டான்னா?"



உலகம்மை செராமிக் அடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பிளக்கைச் செருகினார். பால் வைத்தார். தட்டு செக்கச்செவேலென்று ஆனதும் ஆவுடையப்பன் வாசல்படிவரை பின்வாங்கிப் போய் நின்றுகொண்டார்.

பால் பொங்கியது. உலகம்மை அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை இறக்கினார். சிவப்பு மங்கி, தட்டு பழையபடி கறுத்தது. அவர் தன் கையை விரித்துத் தட்டை நோக்கிக் கொண்டுபோனார்.

"அம்மா!"

ஆவுடையப்பன் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அணைச்சாச்சே அண்ணாச்சி."

"அணைஞ்சாலும் சுடும்மா!"

"பாத்தா அப்படித் தெரியலையே."

"பாத்தாத் தெரியாது. அதான் பயமே."

"உங்க வீட்டுத் தீ எப்ப அணைஞ்சது?"

"ஆவணியில."

"இப்ப மாசி" என்றார் உலகம்மை.

ஆவுடையப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். உலகம்மை பாலை ஆற்றி அவரிடம் ஒரு தம்ளரை நீட்டினார். வாங்கும்போது மறுபடி பை கலகலத்தது.

"பையில என்ன?"

அவர் தயங்கி வெளியே எடுத்தார். கறுப்பாக இரண்டு குமிழ்கள், கேஸ் அடுப்பைத் திருகுகிறவை.

"வெளிய கிளம்பும்போது கழட்டி எடுத்துக்கிடுவேம்மா. ரெண்டு பர்னருக்கும் ரெண்டு. வாசலையும் பூட்டிக்கிட்டு வந்திருவேன்."

"சிலிண்டரை மூடுனா போதாதா?"

"அது பக்கத்துல போகவே எனக்குப் பயம்."

"கழட்டுனது கோமதி அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். தடவிப் பாத்தா."

"சண்டை போட்டாங்களா?"

"இல்ல. குமிழைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

உலகம்மை தம்ளரைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேக்கல."

"பயப்பட வேண்டியது அதுக்குத்தான் அண்ணாச்சி. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

செராமிக் இன்னும் சுட்டுக்கொண்டிருந்ததால் அதை அங்கேயே விட்டுவிட்டு இண்டக்‌ஷனை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் அடுத்த தெருவில் வீடு. தெருமுனையிலேயே தேங்காய்ப்பாலும் இஞ்சியும் கொதிக்கும் வாசம் வந்தது.

"யாரோ சொதி வைக்காங்க" என்றார் ஆவுடையப்பன். இன்னும் நாலு எட்டு நடந்தார். வாசம் தன் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்.

"குமிழ் எங்கிட்டல்லா இருக்கு! தீ எப்படிம்மா?"

ஓடினார். சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்றது.  உலகம்மை சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார்.

"கத்தாதீங்க. திடுக்கிட்டா கை பட்டுரும்" என்று மெல்லச் சொன்னார்.

கோமதி அடுப்பின் முன் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். அவளுடைய அம்மையின் மண்சட்டியில் சொதி கொதித்தது. தலையைச் சாய்த்து அந்தக் கொதியைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறடு.

ஆவுடையப்பனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குறட்டால் அந்தக் கம்பியைப் பிடித்துத் திருகித்தான் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

"ஏங்க, அதுக்குள்ள வந்துட்டீகளா?" என்று கோமதி திரும்பினாள். "கூட வந்திருக்கது அம்மாவா?"

திரும்பிய அந்த நேரத்தில் சொதி பொங்கி வழிந்தது. தீ அணைந்தது. பர்னரிலிருந்து உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வந்தது.

கோமதி குறட்டைத் தேடினாள். கிடைத்தது. கம்பியைப் பிடித்தாள். பல மாதம் குறட்டுக் கடி பட்டுத் தேய்ந்த கம்பி வழுக்கியது. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. குறடு கைநழுவி எங்கோ தரையில் விழுந்தது. கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது.

ஆவுடையப்பனால் அசைய முடியவில்லை.  ஆவணி மாதத்து முந்தானை அவர் கண்ணுக்குள் எரிந்தது.

கோமதி ஒரு கையைப் பின்பக்கம் நீட்டினாள்.

"குமிழைத் தாங்க."

"எ... எதை?"

"உங்க பையில இருக்கதை. சீக்கிரம்."

அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கோமதி கம்பியைத் தடவி, குமிழைப் பொருத்தி, அழுத்தித் திருகினாள். உஸ்ஸென்ற சத்தம் நின்றது.

"சுவிட்சு எதையும் யாரும் தொடாதீங்க. ஜன்னலைத் திறந்து விடுங்கம்மா" என்றாள்.

உலகம்மை ஜன்னல்களைத் திறந்தார், பின்கதவையும் திறந்தார். காற்று வந்தது. ஆவுடையப்பன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"எத்தனை நாளா கோமதி?"

"நீங்க கழட்டுன நாள்லருந்து. நீங்க மடத்துக்குப் போகும்போதெல்லாம்." பிறகு கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னாள்: "மெஸ்ஸு ரசம் நல்லாருக்குன்னு சொல்லுவீகள்லா? அது நான் வச்ச ரசம். கேரியர்ல மாத்தி ஊத்தி வைப்பேன்."

"உசிரு போயிருந்தா?"

"போயிருக்கும். எனக்கும் பயந்தான். கை நடுங்கிக்கிட்டேதான் வைப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க கழட்டும்போது எங்கிட்டக் கேட்டீகளா?"

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். உலகம்மை பெட்டியைப் பிரித்து இண்டக்‌ஷனைக் கோமதியின் முன்னால் வைத்தார்.

"அக்கா, இந்த இண்டக்‌ஷன் அடுப்பு உங்களுக்குன்னு அண்ணாச்சி கொண்டாந்தது. இன்னொண்ணு மடத்துல இருக்கு. தொட்டுப் பாருங்க."

கோமதி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கே. கூட்டக் குறைக்க எதைப் பிடிக்க?"

"தொட்டாப் போதும். பொத்தான் உள்ள இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"உள்ள இருக்கது என் விரலுக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணு இருக்குன்னீகளே, அது?"

ஆவுடையப்பன் யோசித்தார். செராமிக்கும் அப்படித்தான். இரண்டு அடுப்பையும் மாதக்கணக்கில் தராசில் வைத்துப் பார்த்தவருக்கு இது மட்டும் தோன்றியிருக்கவில்லை.

"அதுவும் வழுவழுதான்" என்றார்.

"இண்டக்‌ஷன்ல குமிழ் வச்சது உண்டா?"

"உண்டு. மச்சினன் கடையிலயே பாத்தேன்."

"அதை வாங்குங்க. எனக்கும் இந்தத் தீயோட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு."

"மண்சட்டியை அது ஏத்துக்கிடாதே?"

"அதுல கறிவேப்பிலை நட்டு வைக்கேன்."

"உங்க அம்மை குடுத்ததுல்லா?"

"அம்மை அதைச் சமைக்கத்தான் குடுத்தா. கட்டிக்கிட்டு அழ இல்ல."

அவர் அந்தச் சட்டிக்காக எத்தனையோ நாள் பயந்திருந்தார். அது இவ்வளவு சுலபமாக முடிந்துபோனது.

மூவரும் வழிந்தது போக மிச்சமிருந்த சொதியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஆவுடையப்பன் மறுசோறு வாங்கினார். கை கழுவிவிட்டு உலகம்மை கிளம்ப, வாசல்வரை கூடவே வந்தார்.

"அம்மா, அடுப்பு முடிவாயிட்டு."

"ஆமா."

"ஆனா இப்பவும் நெஞ்சு படபடங்கு. நான் மடத்துக்கு வந்திருவேன், இவ இங்க தனியா நிப்பா. புது அடுப்பு வந்தாலும் இந்தப் பயம் போகுமா?"

உலகம்மை அவரைப் பார்த்தார். அவருடைய வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது. பை இப்போது கலகலக்கவில்லை.

"இன்னொரு குமிழ் எங்க அண்ணாச்சி?" என்றார் குரு.