வாய் பொத்திய வழக்கு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் தோன்றுவதை மாலைக்குள் சட்டமாக்கிவிடுவார். ஒருநாள் அவருக்கு இப்படித் தோன்றியது: உண்மை பேசுகிறவன் கணீரென்று பேசுவான், சபையில் முணுமுணுப்பவன் குற்றவாளி. அதுவும் சட்டமாகிவிட்டது.

முதலில் அகப்பட்டவன் மலைவாசி சடையன். அரண்மனைக் காட்டில் சந்தன மரங்களை வெட்டி விற்றான் என்று பிரதானி நல்லபெருமாள் அவனை இழுத்து வந்திருந்தார். குற்றம் உறுதியானால் வலது கை போய்விடும். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவிடம் பேசும் குடியானவன் கடைசிப் படியில் நின்று, குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். சடையனும் அப்படியே பேசினான். ராஜாவின் காதில் "ம்ம்ம்" என்றுதான் விழுந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா? மலை ஜனங்களே இப்படித்தான். பேசவும் தெரியாது, திருடாமல் இருக்கவும் தெரியாது" என்றார் பிரதானி. சபையே தலையாட்டியது.

விகடகவி உலகப்பன் மட்டும் படியிறங்கிப் போய், "கொஞ்சம் சத்தமாகச் சொல்லேன்பா" என்றான்.

"எங்க ஆளுங்களுக்குப் பேச்சு வராதுங்க சாமி. எல்லாரும் அதத்தான சொல்றாங்க" என்றான் சடையன். அவனே அதை நம்பியிருந்தான் என்பதுதான் கொடுமை.

உலகப்பன் ராஜாவை வணங்கினான். "மகாராஜா, சட்டம் எல்லோருக்கும் பொது. குற்றம் சாட்டியவரும் அதே படியில், அதே முறையில் நின்று சாட்டட்டும்."

பிரதானி முகம் சுளித்தார். ராஜா இந்த விகடகவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். ஆனால் ராஜாவுக்கோ வேடிக்கை பார்க்க ஆசை. வேறு வழியில்லாமல் பிரதானி இறங்கினார், குனிந்தார், வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். "ம்ம்ம்" என்றுதான் கேட்டது.

"சட்டப்படி இவரும் குற்றவாளி. யார் கையை முதலில் வெட்டுவது மகாராஜா?" என்றான் உலகப்பன்.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சடையா, கையை எடுத்துவிட்டுப் பேசு" என்றார். சடையன் எடுத்தான். வாயைத் திறந்ததுமே கை தானாகப் போய்ப் பொத்திக்கொண்டது. மறுபடி முயன்றான், மறுபடியும் பொத்திக்கொண்டது.

உலகப்பன் மடைப்பள்ளியிலிருந்து விளிம்புவரை தேன் நிறைந்த குடம் ஒன்றை வரவழைத்து அவன் இரண்டு கைகளிலும் கொடுத்தான். "ராஜா வீட்டுத் தேன், சிந்தக் கூடாது. எதிர் மலையில் உன் மச்சான் நிற்கிறான் என்று வைத்துக்கொள். நடந்ததை அவனிடம் சொல்."

"மச்சான், மரத்த நான் வெட்டலடா. பிரதானி வீட்டு ஆளுங்கதான் வெட்டுனாங்க. கட்டையெல்லாம் அவரு வண்டியிலதான் போச்சு."

தூண்கள் அதிர்ந்தன. தூங்கிக்கொண்டிருந்த புலவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ராஜா பிரதானியைப் பார்த்து, "என்ன சொல்கிறீர்?" என்றார்.

இப்போது பிரதானியின் வாயை எந்தக் கையும் பொத்தியிருக்கவில்லை. ஆனாலும் "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானி வீட்டைச் சோதித்ததில் கட்டைகள் கிடைத்தன. அவர் பதவி போயிற்று. வாய் பொத்தும் வழக்கமும் முணுமுணுப்புச் சட்டமும் அன்றே ஒழிந்தன. ராஜா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டார். தேன் குடத்தைச் சடையனுக்கே கொடுத்துவிட்டார்.

அவன் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மலையேறினான்.