பெட்டிக்குள் இருந்த நாடு

"இன்னும் பத்து நாளில் நான் அரசனா இல்லையா என்று ஐந்து பேர் கூடி முடிவு செய்யப் போகிறார்கள், அடிகளே. அவர்களுக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?"

கேட்டவன் வெண்டிரையன். சங்குத்திட்டு என்ற தீவின் அரசன். அந்தத் தீவைக் கடல் கொண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

பதில் சொல்ல வேண்டியவள் நந்தை அடிகள். துறவி. அவனைவிட இருபது வயது இளையவள். அவளைக் குருவாகக் கொண்டதில் அவனுக்கு வெட்கம் இல்லை. நாடே போனவனுக்கு வயது ஒரு பெரிய சொத்தா என்ன?

அவள் தன் மடத்து முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனும் அங்கேதான் தங்கியிருந்தான்.

"முடிவு உமக்கு எதிராகப் போனால்?"

"என்னை விடுங்கள். அந்தப் பதினேழு பேரும் உப்பளத்துக்குப் போவார்கள்."

பதினேழு பேரும் சங்குத்திட்டு மீனவர்கள். சூறைக்காற்று அவர்கள் படகை நாவல்துறைக்குள் தள்ளிவிட்டது. அனுமதி இல்லாமல் துறைக்குள் வந்த அயலாரை, அவர்களுடைய அரசன் முத்திரையிட்டு ஓலை அனுப்பினால் விட்டுவிடுவார்கள். அரசன் இல்லாதவர்கள் சாகும்வரை உப்பு வார வேண்டியதுதான். அது நாவல்துறையின் சட்டம்.

வெண்டிரையன் ஓலை அனுப்பினான். நாவல்துறை மன்னன் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினான். மண் இல்லாதவன் முத்திரை செல்லாது என்று தூதனிடம் சொல்லி அனுப்பினான். வழக்கு ஐந்து மன்னர்களின் அவைக்குப் போனது. பௌர்ணமியன்று நாவல்துறையில் அவை கூடுகிறது.

"காட்ட ஒன்றுமே இல்லையா?" என்றாள் நந்தை.

வெண்டிரையன் தயங்கினான். பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தான். திறந்தான். அடியில் இரண்டு கைப்பிடி மண் இருந்தது.

"சங்குத்திட்டு மண். கடைசிப் படகில் ஏறும்போது அள்ளியது. பெட்டி நிறைய இருந்தது."

"மீதி எங்கே?"

"எங்கள் வழக்கம் தெரியுமே. அரசன் வெறுங்காலோடு மண்ணில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். வழக்கில் தோற்றவன் அரசனின் காலடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும். அப்படி இட்டுக்கொண்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டான் என்று பொருள். தீவு போன பிறகும் எங்கள் ஆட்கள் எங்கெங்கிருந்தோ வழக்கோடு வந்தார்கள். இந்த மண்ணைத் தரையில் பரப்பி அதன்மேல் நின்றேன். சிட்டிகை சிட்டிகையாகப் போய்விட்டது."

"இப்போது?"

"ஒரு வருடமாக வழக்குக் கேட்பதில்லை. வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இதுவும் போய்விட்டால் எனக்கு நாடு என்று சொல்ல என்ன மிஞ்சும்?"

பாவம், ஒரு வருடமாக அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறான்.

"கொடும், பார்க்கிறேன்" என்றாள் நந்தை.

கொடுத்தான்.

அவள் பெட்டியை முற்றத்தில் கவிழ்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த விளக்குமாற்றை எடுத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பெருக்கினாள்.



"என்ன செய்துவிட்டீர்கள்!"

"உம் நாடு இங்கேதான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளும்."

அவன் மண்டியிட்டான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். முற்றத்து மண்ணும் செம்மண், தீவின் மண்ணும் செம்மண். அள்ளினான், உதறினான், மறுபடி அள்ளினான். அறுபது வயது அரசன் தரையில் தவழ்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. நந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வாசலில் யாரோ செருமினார்கள்.

"ராசா இருக்காங்களா?"

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். புழுதி படிந்த கால்கள். நாவல்துறையில் அனுமதி பெற்றுக் குடிசை போட்டிருக்கும் சங்குத்திட்டுக்காரர்கள். அவன் கொற்றன். அவள் சேந்தி. அங்கிருந்து இங்கே நான்கு நாள் நடை.

"போன மாசமும் வந்தோம்" என்றாள் சேந்தி. "இப்ப தீர்ப்புச் சொல்றதில்லன்னு திருப்பிவிட்டுட்டாங்க."

வெண்டிரையன் தலை நிமிரவில்லை.

"என்ன வழக்கு?" என்று நந்தை கேட்டாள்.

"என் புருசன் படகு, அடிகளே. அவரு கடல்ல போனப்ப படகும் போச்சு. ரெண்டு வருசம் கழிச்சு மெதந்துக்கிட்டு இருந்ததக் கொற்றண்ணன் பாத்து இழுத்துட்டு வந்தாரு. அது எங்களுக்குச் சேர வேண்டியது."

"ஒடஞ்சு கெடந்துச்சுங்க" என்றான் கொற்றன். "பலகை போட்டு, கயிறு மாத்தி, நாந்தான் படகாக்கினேன். இப்ப அதுலதான் எங்க வீட்டுல ஆறு பேரு கஞ்சி குடிக்கிறோம்."

"நாவல்துறைச் சட்டம் என்ன சொல்கிறது?"

"மெதந்து வந்தது கண்டெடுத்தவனுக்குத்தான்."

"அப்படியானால் அங்கே போயிருந்தால் உனக்குத்தானே கிடைத்திருக்கும்? நான்கு நாள் நடந்து, திரும்பிப் போய், மறுபடியும் நான்கு நாள் நடந்து இங்கே ஏன் வந்தாய்?"

கொற்றனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சேந்தியைப் பார்த்தான், மறுபடி நந்தையைப் பார்த்தான்.

"அது அவங்க நாயமுங்க. எங்க நாயம் ராசாகிட்டல்ல இருக்கு."

நந்தை போய்க் கீரையை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வெண்டிரையன் எழுந்து நின்றான். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றினான்.

"கொற்றா, நம் ஊரில் கடலில் போனவன் படகு யாருக்கு?"

கொற்றன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவன் வீட்டுக்கு."

"இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தாலும்?"

"எப்பக் கெடச்சாலும்."

"நீ போட்ட பலகை?"

"படகோட சேந்தது படகுதான், ராசா."

ஆறு பேர் என்று கொற்றன் சொன்னது வெண்டிரையனின் காதிலேயே நின்றது. ஆனாலும் சொன்னான்.

"படகு சேந்தியின் வீட்டுக்கு."

சேந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொற்றன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு குனிந்து, அரசனின் வலது காலடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தான்.

"அது நம் மண் இல்லை, கொற்றா" என்றான் வெண்டிரையன். "நம் மண் எது என்று எனக்கே இப்போது தெரியவில்லை."

"நீங்க கால் வெச்சிருக்கீங்கல்ல, ராசா."

நெற்றியில் இட்டுக்கொண்டான்.

இருவரும் அன்றைக்கே புறப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து வெண்டிரையனும் புறப்பட்டான். திரும்பி வந்த ஓலையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டான். வாசல் வரை போனவன் காலிப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள் நந்தை. "புளி போட்டு வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்."

பௌர்ணமியன்று ஐந்து மன்னர்களும் அமர்ந்திருந்தார்கள். நாவல்துறை மன்னன் நடுவில் இருந்தான். அவன் பின்னால் நாற்பது வேல்காரர்கள் நின்றார்கள். பதினேழு பேரையும் விலங்கோடு கூட்டி வந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

"உம் நாட்டைக் காட்டும்" என்றான் நாவல்துறை மன்னன்.

வெண்டிரையன் வெறுங்காலோடு நின்றான். ஓரத்திலிருந்த பதினேழு பேரையும் ஒருமுறை பார்த்தான்.

"உம் துறையில் கொற்றன் என்று ஒருவன் இருக்கிறான். கடலில் மிதந்த படகு ஒன்றைக் கண்டெடுத்தான். உம் சட்டப்படி அது யாருக்கு?"

"இதில் என்ன சந்தேகம்? அவனுக்குத்தான்."

"இப்போது அது யார் வாசலில் நிற்கிறது என்று விசாரியும்."

துறைக் காவலனை அழைத்தார்கள்.

"சேந்தி என்கிற பெண்பிள்ளை வாசலில் நிற்கிறது, மன்னா. கொற்றனே இழுத்து வந்து கட்டினான்."

"நீ கட்டச் சொன்னாயா?" என்று நாவல்துறை மன்னன் கேட்டான்.

"இல்லை, மன்னா. இது உன் படகு, சட்டம் உன் பக்கம் இருக்கிறது, ஏன் விட்டுக்கொடுக்கிறாய் என்றுகூடக் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"எங்க ராசா சொல்லிட்டாருன்னு சொன்னான்."

"அவனோடு எத்தனை வீரர்கள் வந்தார்கள்?"

"ஒருவரும் வரவில்லை, மன்னா. தனியாகத்தான் இழுத்து வந்தான். கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் படகைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்."



நாவல்துறை மன்னன் மெல்லத் திரும்பித் தன் பின்னால் நின்ற நாற்பது வேல்காரர்களையும் பார்த்தான். எல்லோரையும் பார்த்து முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

பிறகு வெண்டிரையனிடம் கையை நீட்டினான்.

"அந்த ஓலையைக் கொண்டுவந்திருக்கிறீரா?"